பிள்ளைகளோடு சேர்ந்து வீடியோ கேம் ஆடலாமா? வில்லியனூர்த் தாய் ஒருவருக்கு விரிவான பதில்

வில்லியனூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. கணவர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறார். பள்ளி விட்டு வந்ததும் மகன் கைப்பேசியை எடுத்தால், இரவுச் சாப்பாட்டுக்கு அதட்டிக் கூப்பிடும் வரை கீழே வைப்பதில்லை. பிடுங்கினால் அன்றிரவு முழுவதும் வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சில்லை. "கூடவே உட்கார்ந்து விளையாடினால் பிள்ளை நம்மிடம் ஒட்டிக்கொள்வான் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இது உண்மையா, அல்லது கெடுகிற பிள்ளையோடு சேர்ந்து நானும் கெடுகிற வேலையா? எனக்குக் கேம் பற்றி ஒன்றுமே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?" என்பது அவருடைய கேள்வி.

அந்தக் கூட்டத்தில் சொன்னது சரிதான். ஆனால் அவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை அதற்கு உண்டு. ஆட்டத்தில் பிள்ளை ஆசானாகவும் நீங்கள் ஒன்றும் தெரியாத மாணவியாகவும் இருக்க உங்களுக்குச் சம்மதமானால்தான் அது பலன் தரும். கண்காணிக்கவோ திருத்தவோ உட்கார்ந்தால், பிள்ளைக்கு அது இன்னொரு டியூஷன் ஆகிவிடும்.

இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். 2003 முதல் 2011 வரை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு தெருவில் 8 கணினிகளோடு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். பெயருக்குத்தான் பிரவுசிங், மாலை நாலரை மணிக்கு மேல் வருகிறவர்களில் பாதிப் பேர், சீருடையைக்கூட மாற்றாமல் ரோடு ராஷ் ஆடவும் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடவும் வந்த பையன்கள். அவர்களைத் தேடி வரும் அப்பாக்களைச் செருப்புச் சத்தத்திலேயே அறிந்துகொள்வேன். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்துவார்கள். பையன் புத்தகப் பையை அள்ளிக்கொண்டு ஓடுவான். வாடகை பாக்கியை மறுநாள் அவனுடைய கூட்டாளி வந்து கொடுப்பான். முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவர் மட்டும் ஒரு நாள் வேறு மாதிரி நடந்துகொண்டார். உள்ளே வந்து, மகனுக்குப் பின்னால் நின்று, ஒரு ரேஸ் முடியும் வரை பேசாமல் பார்த்தார். பிறகு, "இதுல எப்படிடா பக்கத்து வண்டிக்காரனை உதைக்கிறது?" என்று கேட்டார். பையன் விறைத்துப் போய் அவர் முகத்தையே பார்த்தான். அவரோ பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐஸ் பெட்டி தூக்கிக் காய்த்துப் போன அந்த விரல் அம்புக்குறி விசையை அழுத்திய வேகத்துக்கு என் கீபோர்டு பிழைக்காது என்று நினைத்தேன். வண்டி எதிரே வந்த காரில் மோத, அதை ஓட்டியவன் பறந்து போய்ச் சாலையில் விழுந்து, எழுந்து, வண்டியைத் தேடி ஓடினான். கடையே சிரித்தது, அவரும் சிரித்தார். மகன் மட்டும் சிரிக்காமல், "பிரேக் இதுப்பா. இதை நீங்க தொடவே இல்ல" என்று விசையைக் காட்டினான். அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து வந்து, ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டி ஆடிவிட்டுப் போனார்கள். வார நாட்களில் அந்தப் பையன் தனியாக வருவது குறைந்து போனதை வரவு நோட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். எனக்கு அதில் கொஞ்சம் நட்டம்தான்.

பெற்றவர்கள் பிள்ளைகளோடு விளையாடுவது நம் வீடுகளுக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடுவதும், மழைக்காலத்தில் தாயக்கட்டம் போடுவதும் நாம் அறிந்தவையே. காயை வெட்டும்போது மாமனார் என்றோ மருமகள் என்றோ யாரும் பார்ப்பதில்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த சமயத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, கைப்பேசிகளில் சார்ஜும் இல்லை. புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி, சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு உட்கார்ந்தோம். எனக்குத் தாயம் விழாததால் என் காய்கள் அரை மணி நேரமாகக் கட்டத்துக்கு வெளியிலேயே கிடந்தன. "அப்பா இன்னும் லாபியிலேயே இருக்காரு" என்றான் என் மகன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஆட்டக்காரர்கள் கூடிக் காத்திருக்கும் இடத்துக்கு அவர்களுடைய கேம்களில் அதுதான் பெயர். தாயத்துக்கும் அவனுடைய கேமுக்கும் இடையில் அவனுக்கு எந்தச் சுவரும் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தாயத்தின் விதிகள் பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் கேட்டுக் கற்பார்கள். வீடியோ கேமில் நிலைமை தலைகீழ். அந்தத் தலைகீழ் நிலையில்தான் இதன் முழுப் பயனும் இருக்கிறது.

காலையில் எழுந்தது முதல் 11 வயதுப் பையன் ஒருவன் யாரோ ஒருவரிடம் தவறு செய்தவனாகவே நிற்கிறான். வீட்டுப்பாடம், கையெழுத்து, நகம், குனிந்து உட்காரும் முதுகு என்று திருத்தப்படாத இடமே அவனிடத்தில் இல்லை. கேமில் மட்டும் அவன் வல்லவன். அந்த ஒரே இடத்துக்குள் அம்மா வந்து, "எனக்குத் தெரியலடா, சொல்லிக் கொடு" என்று கேட்கும்போது நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் என் மனைவி மைன்கிராஃப்ட் கற்றுக்கொண்ட முதல் மாலையைச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 20 நிமிடம்தான். அதில் பகல் 10 நிமிடம். அதற்குள் மரத்தைக் கையால் குத்தி மரக்கட்டை சேர்த்து, அதைப் பலகையாக்கி, கருவிகள் செய்து, ஒண்ட ஒரு கூரை கட்டியாக வேண்டும். இருட்டினால் பேய்ப் பிசாசுகள் வரும். இடது கட்டை விரலால் நடக்க வேண்டும், வலது கட்டை விரலால் பார்வையைத் திருப்ப வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்வது புதியவர்களுக்கு வராது. என் மனைவி முதல் பகல் முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒரு குளத்தில் விழுந்தார். கணக்கில் ஒரு படியைத் தங்கை இரண்டாம் முறை கேட்டாலே எரிந்து விழும் என் மகன், "அம்மா, பதறாதீங்க, நடக்கிறதை விட்டுட்டு முதல்ல கீழே மட்டும் பாருங்க" என்று நான்கைந்து முறை நிதானமாகச் சொன்னான். அவனுக்கு அவ்வளவு பொறுமை உண்டு என்பது எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது. உங்கள் மகனிடமும் நீங்கள் பார்க்காத ஏதோ ஒன்று அப்படி வெளிப்படக்கூடும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். எதிரெதிரே உட்கார வைத்து, "பள்ளியில் என்ன நடந்தது, மறைக்காமல் சொல்" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. இருவர் கண்ணும் ஒரே திரையில் இருக்கும்போது, ஆடு மேய்ப்பதற்கும் வேலி கட்டுவதற்கும் நடுவில், தானாகவே ஏதாவது வந்து விழும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளை, முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற துணிச்சலில் பெரிய விஷயங்களைச் சொல்லுமே, அது போல. அப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பி விசாரணை தொடங்கிவிடாதீர்கள். வேலியைக் கட்டிக்கொண்டே, "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள்.

எந்த விளையாட்டு என்பதில் கவனம் வேண்டும். நீங்கள் தோற்றால் அவனுக்கு இழப்பு வரும் ஆட்டத்தில் முதலில் நுழையாதீர்கள். ரேங்க் என்று சொல்லப்படும் தரவரிசைப் போட்டிகளில் கற்றுக்குட்டி ஒருவர் அணியில் இருந்தால், பல நாள் உழைத்துச் சேர்த்த புள்ளிகள் போய்விடும். என் மகள் என்னை ஒரு முறை சேர்த்துக்கொண்டு, இரண்டு படிகள் இறங்கி, ஒரு வாரம் பொறுமையாக ஏறினாள். மறுபடி கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. தவறினால் சிரித்துவிட்டு மறுபடி தொடங்கக்கூடிய, இருவரும் ஒரே பக்கத்தில் நிற்கும் விளையாட்டுகளே தொடக்கத்துக்கு ஏற்றவை. என் வயதுக்காரர்கள் டிவியில் கேசட்டை ஊதிப் போட்டு ஆடிய கான்ட்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அருவியில் ஏறும் ஒரு கட்டம் வரும். இருவரில் ஒருவர் விறுவிறு என்று மேலே ஏறினால் திரையும் மேலே நகரும். பின்தங்கியவர் திரைக்குக் கீழே போய்ச் செத்துப் போவார். காத்திருந்து ஏறியாக வேண்டும். எத்தனை அண்ணன் தம்பிகள் அந்த அருவியில் அடித்துக்கொண்டார்கள், எத்தனை பேர் ஒருவருக்காக ஒருவர் நிற்கக் கற்றார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

இப்போது அதே குணத்தோடு இருப்பவை பல. ஓவர்குக்ட் என்பது 2016இல் வந்த சமையலறை விளையாட்டு. ஒருவர் நறுக்க, ஒருவர் அடுப்பைப் பார்க்க, ஒருவர் தட்டு கழுவ வேண்டும், கத்தாமல் ஆட முடியாது. 2021இல் வந்த இட் டேக்ஸ் டூ இரண்டு பேர் இல்லாமல் தொடங்கவே தொடங்காது. ஆனால் அதன் கதை மணமுறிவின் விளிம்பில் நிற்கும் கணவன் மனைவியைப் பற்றியது என்பதால், வீட்டில் அப்படிப்பட்ட மனக்கசப்பு ஏதேனும் இருந்தால் யோசித்து எடுங்கள். இவற்றுக்குக் கணினியோ கேம் கன்சோலோ வேண்டும். உங்களிடம் கைப்பேசிகள் மட்டும்தான் இருக்கின்றன என்றால் மைன்கிராஃப்ட் போதும். இரண்டு கைப்பேசிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒரே உலகத்துக்குள் நுழையலாம். அது விலைக்கு வாங்க வேண்டிய விளையாட்டு என்பதை நான் குறையாகப் பார்ப்பதில்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். தொடங்கும்போது அமைப்புகளில் 'பீஸ்ஃபுல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பேய்ப் பிசாசுகள் வராது, உங்கள் மகளும் பயமில்லாமல் சேர்ந்துகொள்வாள். துப்பாக்கி விளையாட்டுகள் 11 வயதுக்கு உரியவை அல்ல. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் 3, 7, 12, 16, 18 என்று ஏதாவது ஒரு வயது போட்டிருக்கும். அதைப் பார்க்க ஒரு நொடி போதும்.

சண்டை பெரும்பாலும் வருவது நிறுத்தும் நேரத்தில். "அஞ்சே நிமிஷம்மா" என்று பையன் கெஞ்சுவதைப் பொய் என்றே பெற்றவர்கள் எடுத்துக்கொள்கிறோம். பாதி நேரம் அது பொய்யன்று. பிற ஆட்டக்காரர்களோடு இணையத்தில் ஆடும் விளையாட்டை யாரும் நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. கடைசியில் உயிரோடு நிற்பவரே வெல்லும் துப்பாக்கி விளையாட்டான பிஜிஎம்ஐ போன்றவற்றில் கடைசி வரை தாக்குப்பிடித்தால் ஒரு மேட்ச் ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும், நடுவில் விலகினால் கூட இருந்தவர்களைக் கைவிட்டதாக ஆகும். கபடி ஆடிக்கொண்டிருப்பவனை, பாடிக்கொண்டே எதிரணிக் களத்துக்குள் போன நேரத்தில் வீட்டுக்குக் கூப்பிடுவது போன்றது அது. கூட ஆடிய பெற்றோருக்கு இது தானாகவே தெரிந்துவிடும். எனவே "எட்டு மணிக்கு நிறுத்து" என்பதை விட்டுவிட்டு, "இன்னும் இரண்டு மேட்ச்" என்றோ, மைன்கிராஃப்ட் என்றால் "இந்த இரவு விடிந்ததும்" என்றோ கணக்கு வையுங்கள். ஏழேகாலுக்கே அந்தக் கணக்கைப் பேசி முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நேரம் பற்றிய தகராறு முழுவதுமாகப் போய்விடவில்லை. ஆனால் இப்போது அது பேரம், முன்பு அது போர்.

உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி வயதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனித்தேன். நம் பக்கத்தில் கைப்பேசி முதலில் பையன் கைக்குப் போகிறது, கேம் கன்ட்ரோலர் இரண்டு இருந்தால் இரண்டாவது அவன் நண்பனுக்குப் போகிறது, தங்கை பின்னால் நின்று பார்ப்பவளாகவே வளர்கிறாள். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் இருக்கும் 287 குடும்பங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இந்த இடத்தில் யோசிக்க வைப்பது. பெற்றோரோடு சேர்ந்து வீடியோ கேம் ஆடிய பெண் பிள்ளைகளிடம் குடும்பத்தோடு நெருக்கம் கூடுதலாகவும், நடத்தையும் மனநலமும் மேம்பட்டும் காணப்பட்டன. ஆண் பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பையன்கள் நண்பர்களோடும் தனியாகவும் ஏற்கெனவே மிகுதியாக ஆடுவதால், பெற்றோரோடு ஆடும் கொஞ்ச நேரம் அதில் கரைந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் ஊகித்த காரணங்களில் ஒன்று. வயதுக்கு ஒவ்வாத விளையாட்டுகளை ஆடிய இடத்தில் பெண் பிள்ளைகளிடமும் நெருக்கம் கூடவில்லை. சேர்ந்து ஆடியதால் நெருக்கம் வந்ததா, நெருக்கம் இருந்த வீடுகளில் சேர்ந்து ஆடினார்களா என்பதை இந்த வகை ஆய்வு பிரித்துச் சொல்லாது. ஆகவே மகனை மாற்றும் மருந்தாக இதை நினைத்துத் தொடங்காதீர்கள். மகளையும் கூட உட்கார வையுங்கள். இதனால் அதிகம் பயன்பெறப் போவது அவளாகவும் இருக்கலாம்.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். மகளுக்கு 12 வயதானபோது, அவள் யாரோடு ஆடுகிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் அவளுடைய விளையாட்டுக்குள் போனேன். வீடு கட்டுவது போல் பாவனை செய்துகொண்டு, ஓரத்தில் ஓடும் உரையாடல் பெட்டியைப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, உங்க ஆள் ரெண்டு நிமிஷமா செவத்தைப் பாத்து நிக்குது" என்றாள், அவ்வளவுதான். அதன் பிறகு எட்டு மாதம் அவள் என்னை எந்த விளையாட்டுக்கும் அழைக்கவில்லை. கவலை நியாயமானதே, பலரும் இணையத்தில் கூடி ஆடும் ரோப்லாக்ஸ் போன்றவற்றில் முன்பின் அறியாதவர்கள் பிள்ளைகளிடம் பேச வழி உண்டு. ஆனால் அதற்கான வேலையை வெளிப்படையாகச் செய்ய வேண்டும். அறிமுகமில்லாதவர் பேசுவதைத் தடுக்கும் அமைப்பைப் பிள்ளையின் முன்னிலையிலேயே, ஏன் என்று சொல்லிப் போடுங்கள். ஊர், பள்ளி, புகைப்படம் கேட்பவர்கள் வந்தால் உடனே உங்களிடம் காட்டலாம், கைப்பேசியைப் பிடுங்க மாட்டீர்கள் என்று வாக்குக் கொடுங்கள். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

விலைக்கு வாங்கும் விளையாட்டைக் குறையாகப் பார்ப்பதில்லை என்று சொன்னேன். பழுது பார்க்க இப்போது என்னிடம் வரும் கைப்பேசிகளில் நான் காண்பது, இலவச விளையாட்டுகளே கடைசியில் விலை கூடியவை ஆகின்றன என்பது. சட்டை, தொப்பி, ஆயுதத்துக்கு வண்ணம் என்று விற்பார்கள். விலையை ரூபாயில் சொல்லாமல் வைரம், காசு, ரோபக்ஸ் என்று வேறொரு நாணயத்தில் சொல்வார்கள். ஐந்நூறு ரூபாய்க்கு எத்தனை வைரம், ஒரு தொப்பிக்கு எத்தனை வைரம் என்று வகுத்துப் பார்க்காத பிள்ளைக்கு அது பணமாகவே தோன்றாது. இன்ன பொருள் கிடைக்கும் என்று தெரியாமல் பெட்டியைத் திறக்க வைப்பது அதைவிட மோசம். திருவிழாக் கடைகளில் வளையம் எறியும் ஆட்டத்தின் புது வடிவம் அது. நீங்களும் கூட ஆடினால் இந்தக் கடை எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் கண்ணில் காட்டுகிறார்கள் என்பது ஒரே வாரத்தில் புரியும். மகனையே உட்கார வைத்து ஒரு தொப்பியின் விலையை ரூபாயில் கணக்குப் போடச் சொல்லுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், யூபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைகள் எதிரில் அழுத்தாதீர்கள். பணம் கட்டிப் பணம் பெறும் ஆட்டங்கள் வேறு வகை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றையும் அவற்றுக்கான விளம்பரங்களையும் தடை செய்திருக்கிறது, மற்ற பொழுதுபோக்கு விளையாட்டுகளுக்குத் தடையில்லை. முன்பு தடை செய்யப்பட்டிருந்த பிஜிஎம்ஐ 2023இல் திரும்பி வந்தபோது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்ற வரம்பு வைக்கப்பட்டது. எனக்குத் தெரிந்த பையன்கள் பலர் அதில் அப்பாவின் பிறந்த தேதியைக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள். வெண்பா என்று ஒரு சிறிய விளையாட்டு 2023இல் வந்தது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் கிழிந்தும் அழிந்தும் போன வரிகளை ஊகித்து, இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைப்பதுதான் ஆட்டம். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இட்லி கட்டத்தில் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று தெரியாமல் என் மகன் திணறிக்கொண்டிருந்தான். எங்கள் ஆயா, அதாவது என் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்து, "குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்படிடா ஏறும்? தட்டைத் திருப்பி வை, ஓட்டை குழிக்கு நேரா வரட்டும்" என்றார். திருப்பி வைத்ததும் ஆட்டம் நகர்ந்தது. வாழ்நாளில் கேம் ஆடியிராத ஆயாவிடம் அடுத்த இரண்டு கட்டங்களுக்கு அவன் யோசனை கேட்டுக்கொண்டே இருந்தான். புட்டுக்குழாய் வந்தபோது ஆயா கீரையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

சேர்ந்து ஆடுவதால் தீராத நிலை ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் 'கேமிங் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைப்பது, கேடு கண்கூடாகத் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, பொதுவாக ஓராண்டு அளவுக்கு நீடிக்க வேண்டும் என்பது அதன் வரையறை. பள்ளிக்கே போக மறுப்பது, தூக்கமும் சாப்பாடும் போவது, பிடுங்கினால் பொருள்களை உடைப்பது என்ற அளவில் இருந்தால் தாமதிக்க வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகன் அந்த நிலையில் இல்லை. பள்ளி விட்டு வந்து வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாத பையனாகத்தான் எனக்குப் படுகிறான்.

கடைசியாக, சிங்கப்பூரில் இருக்கும் கணவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். வீடியோ அழைப்பில் அப்பாவிடம் பிள்ளைகள் "சாப்பிட்டேன், படிச்சேன்" என்பதற்கு மேல் பேசுவதில்லை என்பது வெளிநாட்டில் ஆள் இருக்கும் எல்லா வீட்டிலும் கேட்கும் குறைதான். அவர் ஷிப்டு முறையில் வேலை செய்பவர் என்றால், லிசெஸ் என்ற இலவசச் செயலியில் சதுரங்கம் ஆடலாம். விளம்பரம் கிடையாது, ஒரு நகர்த்தலுக்குப் பல நாள் வரை அவகாசம் வைத்துக்கொள்ளும் ஆட்ட முறை அதில் உண்டு. அப்பா வேலைக்குப் புறப்படும் முன் ஒரு காயை நகர்த்திவிட்டுப் போவார், மகன் மாலையில் வந்து பதில் நகர்த்துவான். குகேஷ் 2024 டிசம்பரில் உலக வாகையர் பட்டம் வென்றது அப்பா இருக்கும் அதே சிங்கப்பூரில்தான் என்பதைச் சொன்னால் பையனுக்குக் கொஞ்சம் உற்சாகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் அங்கிருந்தே இணையம் வழியாகச் சேர்ந்து ஆட மைன்கிராஃப்ட் வையுங்கள். ஆடும் ஒவ்வொருவருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், பிள்ளையின் கணக்கில் பிறரோடு சேர்ந்து ஆட நீங்கள் அனுமதி கொடுக்க வேண்டும். உலகம் யாருடைய கைப்பேசியில் இருக்கிறதோ அவர் உள்ளே இருந்தால்தான் மற்றவர்கள் நுழைய முடியும், ஆகவே அதை உங்கள் வீட்டுக் கைப்பேசியிலேயே உருவாக்குங்கள். ஆளுக்கு மூன்று கம்பளியும் மூன்று பலகையும் சேர்த்து ஒரு படுக்கை செய்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு விதி இருக்கிறது: அமைப்பை மாற்றாத வரை, உள்ளே இருக்கும் எல்லோரும் படுத்தால்தான் இரவு கடந்து விடியும், ஒருவர் விழித்திருந்தாலும் மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு ஏழரை என்றால் அவருக்கு இரவு பத்து, மறுநாள் காலையில் தளத்துக்குப் போக வேண்டியவர். ஆகவே ஆறரைக்கே தொடங்கிவிடுங்கள்; ஏழேகால் வாக்கில் வரும் இரவில், "அப்பா, நீங்க மட்டும்தான் படுக்கல" என்று பிள்ளைகளே சத்தம் போடுவார்கள்.